இறக்கை ஒடியத்தான் வேண்டும்

இங்கே நான் வழக்கமாக எழுதுவது பழைய புதுவை, பழைய அலுவலகம், பழைய நண்பர்கள். இந்த முறை கொஞ்சம் வேறு விஷயம்: கணினியில் ஓட்டும் போர் விமானம். எழுபதைத் தாண்டியவனுக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சீட்டாடினால் கேட்பதில்லை, தொலைக்காட்சித் தொடர் பார்த்தால் கேட்பதில்லை. தொழில்நுட்பம் என்று பயந்து பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் இதில் எதுவும் வராது.

வழக்கு இதுதான். துலூஸ் நகரத்தில் படிக்கிற என் பேரனும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமை இரவுகளில் சேர்ந்து 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்' ஆடுகிறார்கள். எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் நான். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை ஓட்டிச் சண்டை போடும் ரஷ்ய விளையாட்டு அது, 2001-ல் வந்தது. 2006-ல் '1946' என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு 'டீம் டைடலோஸ்' என்ற ஆர்வலர் குழு அதைத் தொடர்ந்து திருத்தி வந்தது. அவர்கள் 2010-ல் கொடுத்த 4.10 பதிப்பில் ஒரு புது விதி வந்தது. விமானத்தைக் கண்டபடி வெட்டி இழுத்தால் அதன் உடம்பு தாங்காது. முதலில் சேதமாகும், இன்னும் இழுத்தால் இறக்கை ஒடியும். அதற்கு முந்தைய பதிப்புகளில் இது கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மிதமிஞ்சிய வேகத்தில் பாய்ந்தால் பாகங்கள் கழன்று போகும், அவ்வளவுதான். இழுத்த இழுப்புக்கு விமானி மயங்குவான், விமானம் மயங்காது.

(டைடலோஸ் யார் என்று தெரியும்தானே? எங்கள் பள்ளியில் 'தெதால்' என்று படித்தோம். மெழுகில் இறக்கை செய்து பறந்து, சூரியனுக்கு அருகே போய் மெழுகு உருகிக் கடலில் விழுந்த 'இகார்' என்ற பிள்ளையின் தகப்பன். இறக்கை ஒடிகிற விதியைக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.)

இப்போது பேரனின் கூட்டாளிகள், பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் இறக்கை ஒடிந்து விழுகிறதாம். எதிரி சுட்டு விழுந்தால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது, தானே ஒடித்துக்கொண்டு விழுந்தால் சிரிக்கிறார்களாம். வாக்கெடுப்பு வைக்கப் போகிறார்கள். என் வாக்கு எதிர் வாக்கு. காரணத்தை எழுதித் தாருங்கள் தாத்தா என்றான் பேரன். எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. உங்களுக்கும் இருக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் சுமை என்றால் என்ன என்று பார்ப்போம். கிணற்று வாளியில் பாதி தண்ணீர் வைத்துக் கையால் வட்டமாகச் சுழற்றியிருக்கிறீர்களா? தலைக்கு மேலே போகும்போதும் தண்ணீர் கொட்டாது. ஆனால் தோள்பட்டை இழுபடும். மூன்று லிட்டர் தண்ணீர் ஒன்பது லிட்டர் போலக் கனக்கும். விமானம் திரும்பும்போதும், பாய்ந்து மீளும்போதும் இதேதான் நடக்கிறது. மூன்றரை டன் விமானம் இறக்கைக்கு ஏழு டன்னாக, பதினான்கு டன்னாகக் கனக்கிறது. எத்தனை மடங்கு என்பதைத்தான் 'ஜி' என்கிறார்கள். பிரெஞ்சில் இதற்கு 'ஃபக்தர் த ஷார்ழ்' என்று பெயர். ஷார்ழ் என்றால் பாரம். பொறுப்பு என்றும் பொருள் உண்டு. நம் அலுவலகங்களில் சார்ஜ் ஒப்படைப்பது, சார்ஜ் எடுப்பது என்கிறோமே, அதே குடும்பத்துச் சொல். முப்பத்தைந்து வருடம் சார்ஜ் எடுத்தும் கொடுத்தும் பழகியவனுக்கு இந்தச் சொல்லின் கனம் நன்றாகவே தெரியும்.

இந்தப் பாரம் வேகத்தின் இரண்டாம் மடியில் ஏறும். மணிக்கு 160 கிலோமீட்டரில்தான் மிதக்க ஆரம்பிக்கிற ஒரு விமானத்தை வைத்துக்கொள்வோம். அது 320-ல் பறக்கும்போது இறக்கையால் நான்கு மடங்கு பாரத்தை உண்டாக்க முடியும். 480-ல் ஒன்பது மடங்கு. வேகம் மூன்று மடங்கு, பாரம் ஒன்பது மடங்கு. மெதுவாகப் போகிற விமானத்தை எவ்வளவு வெட்டி இழுத்தாலும் இறக்கை ஒடியாது. காற்றில் பிடிப்பு விட்டுத் தடுமாறும், அவ்வளவுதான். வேகமாகப் போகும்போதுதான் ஆபத்து.

எதற்காக இழுக்கிறோம்? கணக்கைப் பாருங்கள். மணிக்கு 540 கிலோமீட்டரில் செங்குத்தாகப் பாய்கிறீர்கள். 6 ஜி-யில் இழுத்தால் மீள்வதற்கு ஏறக்குறைய 460 மீட்டர் உயரம் வேண்டும். 4 ஜி-யில் இழுத்தால் 760 மீட்டர். தரை 600 மீட்டர் கீழே இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? இழுத்தால் இறக்கை போகலாம், இழுக்காவிட்டால் நிச்சயமாக நீங்கள் போவீர்கள். அன்றைக்கு அந்த விமானிகளுக்கு இருந்த இக்கட்டு இதுதான். பழைய பதிப்பில் இந்த இக்கட்டே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் இழு, பிழைத்துக்கொள். அப்படிப்பட்ட விமானத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எந்தப் போரைப் புரிந்துகொள்வது?

விமானம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற வேலை விமானத்தோடு கூடவே பிறந்தது. ஆரம்ப காலத்தில் விமானத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, இறக்கையின் அடிப்பக்கத்தில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். காற்று கீழிருந்து மேலே தள்ளுவதை மணல் மேலிருந்து கீழே அழுத்திக் காட்டும். எந்த மூட்டையில் ஒடிகிறதோ அதுதான் கணக்கு. 1909-ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்த ப்ளெரியோவை நாங்கள் பள்ளியில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். ஆனால் அவர் 1912-ல் செய்ததைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. தன் விமானங்கள் சில நடுவானில் ஒடிந்ததை ஆராய்ந்த அவர், இறக்கைகள் மேல்நோக்கி அல்ல, கீழ்நோக்கி ஒடிந்திருக்கின்றன என்று கண்டுபிடித்தார். பாய்ச்சலில் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தும்போது காற்று மேலிருந்து தள்ளுகிறது. அந்தப் பக்கத்துக் கம்பிகளுக்குப் போதிய வலு இல்லை. அதை அவரே எழுதி பிரெஞ்சு ராணுவத்திடம் கொடுத்தார். ராணுவம் கம்பிகளைப் பலப்படுத்தும்வரை அந்த விமானங்களைத் தரையில் நிறுத்தி வைத்தது. தன் சரக்கில் குறை இருக்கிறது என்று விற்கிறவனே எழுதிக் கொடுப்பதென்றால் சாமானியமா? கால்வாயைத் தாண்டியதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். நான் பணி செய்தது ஒரு பொறியியல் பிரிவில். பொறியாளன் அல்ல, எழுத்தர்தான். எஸ்டிமேட் நகல் எடுப்பது, எம்-புக்கில் அளவுகளைச் சரிபார்ப்பது என்று காலம் போனது. அளவுப் புத்தகத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்பது எங்கள் பிரிவின் வேதம். அந்தப் பழக்கத்தில், 4.10 வந்த பிறகு நான் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுச் சோதனைகளை எழுத ஆரம்பித்தேன். "தாத்தா, நீங்க சண்டைக்கு வர்றீங்களா, ஆடிட் பண்ண வர்றீங்களா?" என்று பேரன் கேட்டான். "ரெண்டும்தான்டா கண்ணு" என்றேன்.

விமானத்தில் ஜி காட்டும் முள் இல்லையே, எப்படி அளப்பது? கடிகாரம் போதும். உயரம் மாறாமல், வேகம் மாறாமல் ஒரு முழு வட்டம் அடியுங்கள். எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மணிக்கு 400 கிலோமீட்டரில் 20 வினாடியில் ஒரு வட்டம் முடிந்தால் 3.7 ஜி. அதே வேகத்தில் 15 வினாடி என்றால் ஏறக்குறைய 4.9. இதற்கு எந்த விளையாட்டும் தப்ப முடியாது, ஏனென்றால் இது அவர்கள் கொடுக்கிற எண் அல்ல, வட்டமும் வேகமும் கொடுக்கிற எண்.

அடுத்த சோதனை எடை. இதுதான் முக்கியம், இதில்தான் பல விளையாட்டுகள் கோட்டை விடுகின்றன. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் விமானத்தை 8,000 பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 3,600 கிலோவுக்கு, 8 ஜி தாங்கும்படி வடிவமைத்தார்கள். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, 12 ஜி வரை, ஒடியாமல் இருக்க வேண்டும். அந்த ஒன்றரை என்பது விமானத் தொழிலில் இன்றுவரை புழங்குகிற பாதுகாப்பு மடங்கு. முதல் எல்லையைத் தொடும்வரை இறக்கை வளைந்து திரும்பப் பழைய நிலைக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் தகடு சுருங்கும், ரிவெட் தெறிக்கும், வளைந்தது வளைந்தபடி நிற்கும். இரண்டாவது எல்லையில் ஒடியும்.

இப்போது எட்டை 3,600-ஆல் பெருக்குங்கள்: 28,800 கிலோ. இறக்கைக்குத் தெரிந்தது இந்த எண்தான். எட்டு என்ற எண் அதற்குத் தெரியாது. பெட்ரோலை நிரப்பி விமானத்தின் எடை 4,500 கிலோ ஆகிவிட்டால் அதே 28,800 கிலோவுக்கு எத்தனை ஜி? 6.4 தான். குண்டுகளும் தொங்கினால் இன்னும் குறையும். ஆக 'மஸ்டாங் 8 ஜி தாங்கும்' என்று ஒரே எண்ணை எழுதி வைத்துவிட்டு, எவ்வளவு ஏற்றினாலும் அதே எண்ணில் ஒடிகிற விளையாட்டு பொய் சொல்கிறது. 4.10 அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. கால் டாங்க் பெட்ரோலோடு போய் இழுத்துப் பார்த்தேன், பிறகு முழு டாங்க், பிறகு குண்டோடு. ஒவ்வொன்றிலும் முன்னதைவிடச் சீக்கிரம் சேதமானது. பேரனின் கூட்டாளிகள் இறக்கை ஒடிகிறது என்று புலம்புகிறார்களே, அவர்களில் பாதிப் பேர் குண்டுகளைக் கழற்றாமலே சண்டைக்குத் திரும்புகிறவர்கள். சனிக்கிழமைதோறும் பின்னாலிருந்து பார்க்கிறேன்.

மூன்றாவது, உருட்டிக்கொண்டே இழுப்பது. நேராக இழுக்கும்போது இரண்டு இறக்கையும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். பக்கவாட்டில் உருண்டுகொண்டே இழுத்தால் ஒரு பக்கம் கூடுதலாக வாங்கும், முறுக்கும் சேரும். 1952 செப்டம்பர் 6-ந் தேதி இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமானக் காட்சியில் ஜான் டெரி ஓட்டிய டி.எச்.110 விமானம் இப்படித்தான், திரும்பியபடியே உருண்டு மேலேறும்போது நடுவானில் சிதறியது. அவரும் உடன் பறந்தவரும், கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்களில் 29 பேரும் இறந்தார்கள். நேராக இழுத்திருந்தால் தாங்கியிருக்கும் விமானம். இந்த உருட்டல் சோதனையை விளையாட்டில் பலமுறை செய்தேன். என் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்த இடத்தில் நோட்டில் சிவப்பு மையில் 'குறை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது எதிர்த் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதை மறைக்கக் கூடாது. "நிஜ விமானிகளுக்கு இவ்வளவு சாதாரணமாக இறக்கை ஒடியவில்லையே தாத்தா, போர் வரலாற்றைப் படித்தால் சுட்டு விழுந்தவர்கள்தானே அதிகம்?" என்றான் பேரன். உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் நிஜ இறக்கை இரும்பாக இருந்தது என்பதல்ல. நிஜ ஸ்டிக் கனமாக இருந்தது. நம் மேசை மேல் இருக்கிற ஜாய்ஸ்டிக்கை இரண்டு விரலால் கடைசிவரை இழுத்துவிடலாம். 200 கிலோமீட்டர் வேகத்திலும் அதே ஸ்பிரிங், 700-லும் அதே ஸ்பிரிங். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ அதிவேகத்தில் இழுக்க இரண்டு கையும் முழு பலமும் வேண்டியிருந்தது. நினைத்தாலும் ஒடிக்க முடியாது. இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் இதற்கு நேர்மாறு. ஸ்டிக் வெண்ணெய் மாதிரி. பின்பக்கம் எடை கூடிய ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் மாடல்கள் சில நிஜமாகவே நடுவானில் ஒடிந்தன. என்ன செய்தார்கள்? இறக்கையைப் பலப்படுத்தவில்லை. ஸ்டிக்கோடு சேர்த்து ஒரு எடைக் கட்டியைப் பொருத்தினார்கள். ஜி ஏற ஏற அந்தக் கட்டியும் கனத்து, விமானியின் கையை எதிர்த்து முன்னால் தள்ளும். கையைக் கனமாக்கி இறக்கையைக் காப்பாற்றினார்கள். மஸ்டாங்கிலும் விமானிக்குப் பின்னால் 85 காலன் டாங்க் ஒன்று உண்டு. அது நிறைந்திருந்தால் இழுக்க இழுக்க ஸ்டிக் கனப்பதற்குப் பதிலாக இலேசாகிவிடும். அதனால் சண்டைக்கு முன் அதை முதலில் காலி செய்யச் சொன்னார்கள்.

ஆகவே பிள்ளைகளே, ஒடிவது விமானத்தின் பலவீனத்தால் அல்ல, உங்கள் ஜாய்ஸ்டிக்கின் பலவீனத்தால். மருந்து பழைய பதிப்பில் இல்லை. விளையாட்டின் அமைப்பிலேயே ஸ்டிக் எவ்வளவு இழுத்தால் எவ்வளவு செல்ல வேண்டும் என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நான் மாற்றி வைத்திருக்கிறேன். அவர்கள் ஒருவரும் மாற்றவில்லை.

இன்னொன்று. அன்றைய விமானிக்கு 5, 6 ஜி-யை சில வினாடிகள் தாங்கினாலே கண் இருண்டுவிடும். அந்த உடம்புதான் பல நேரங்களில் விமானத்தைக் காப்பாற்றியது. என் முழங்கால் மாடிப்படியில் என்னைக் காப்பாற்றுவது போல. நமக்குத் திரை கறுப்பாகிறது, வலிப்பதில்லை. வலிக்காதவனுக்கு வேறு ஏதாவது ஒரு விலை இருக்க வேண்டாமா?

இனி எனக்கு உண்மையில் உறுத்துகிற விஷயம். இந்த எல்லைக் கோடுகள் எங்கிருந்து வந்தன? யாரோ மேசையில் உட்கார்ந்து போட்டவை அல்ல. அமெரிக்காவின் பி-38 லைட்னிங் விமானத்தை 1941 நவம்பரில் சோதித்த ரால்ஃப் விர்டன், பாய்ச்சலிலிருந்து மீளும்போது வால் பிய்ந்து இறந்தார். இங்கிலாந்தின் டைஃபூன் விமானத்துக்கும் வால் பிய்கிற நோய் இருந்தது. 1942 ஆகஸ்டில் சோதனை விமானி சேத்-ஸ்மித் அதில் போனார். பின்னுடலைச் சுற்றித் தகடுகளை அடித்துப் பலப்படுத்தினார்கள், பிறகும் சில விழுந்தன.

எல்லாவற்றையும்விட ஜப்பானின் ஜீரோ விமானக் கதையைச் சொல்ல வேண்டும். எடையைக் கிராம் கிராமாகக் குறைத்துக் கட்டிய விமானம். 1940 மார்ச்சில் பாய்ச்சல் சோதனையில் ஒரு முன்மாதிரி சிதறி, ஒகுயாமா என்ற விமானி இறந்தார். 1941 ஏப்ரலில் இன்னொரு ஜீரோ. நிகைடோ என்ற விமானி பாய்ந்து மீளும்போது இறக்கைத் தோல் சுருக்கம் விழுந்தது, எலரான்கள் பிய்ந்து போயின. எப்படியோ இறக்கிவிட்டார். மறுநாள் யோகோசுகாவில் ஷிமோகாவா என்ற அதிகாரி, அதையே தானும் செய்து பார்க்கிறேன் என்று மேலே போனார். என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அதற்கு ஒருவர் போக வேண்டும். அவர் திரும்பவில்லை, விமானம் கடலில் விழுந்தது.

பிறகு பொறியாளர்கள் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் ஒரு சிறிய மாதிரி இறக்கையை வைத்து, இந்த வேகம் வரை நடுங்காது என்று முன்பே எண் வாங்கியிருந்தார்கள். அந்த மாதிரியின் வடிவம் சரி, எடைப் பங்கீடு சரி. ஆனால் நிஜ இறக்கை எங்கே எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அந்த விறைப்பு மாதிரியில் இல்லை. விறைப்பையும் சரியாக்கிப் புது மாதிரி செய்து பார்த்தபோது, நடுக்கம் தொடங்கும் வேகம் பழைய எண்ணைவிட மிகவும் கீழே, விபத்து நடந்த வேகத்துக்கு அருகே வந்து நின்றது. மாதிரி பொய் சொல்லியிருக்கிறது. அதை நம்பி ஒருவர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் ஜீரோவுக்குப் பாய்ச்சல் வேகத்தில் தடை வந்தது, இறக்கைத் தோலைத் தடிமனாக்கினார்கள்.

நம் விளையாட்டும் ஒரு மாதிரிதான். அதை நம்பி யாரும் சாகப் போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷிமோகாவா உயிரைக் கொடுத்து வாங்கிய எண்ணை, சனிக்கிழமை இரவு நமக்குத் தோல்வி பிடிக்கவில்லை என்பதற்காக அழித்துவிட்டு, அதே ஜீரோ படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பறப்பது எனக்கு ஒப்பவில்லை. அப்படியென்றால் ஜீரோ என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? பட்டம் என்று வைத்துக்கொள்ளலாமே.

எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு விமானம் என்றால் சேந்த்-எக்ஸுப்பெரிதான். 'குட்டி இளவரசன்' எழுதியவர் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவர் 1940-ல் ப்ளாக் 174 விமானத்தில் அர்ராஸ் நகரத்துக்கு மேலே பறந்ததைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1944 ஜூலை 31-ல் கோர்சிகா தீவிலிருந்து லைட்னிங் விமானத்தில், துப்பாக்கி இல்லாமல் படமெடுக்கும் வகை, கிளம்பியவர் திரும்பவில்லை. மார்சேய் அருகே கடலடியில் கிடந்த சிதைவு அவருடையதுதான் என்று 2004-ல் உறுதி செய்தார்கள். எப்படி விழுந்தது என்பது இன்றும் தீராத கேள்வி. நான் விளையாட்டில் லைட்னிங் எடுக்கும்போதெல்லாம், செங்குத்துப் பாய்ச்சலில் அதன் ஸ்டிக் கல்லாக இறுகுவதைச் சோதிப்பது வழக்கம். பாட்டு வகுப்பில் சுருதி பார்ப்பது போல. அது சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்.

கடைசியாக, 4.10-லும் தீராத ஒரு குறை: ஞாபகம் இல்லை. ஒரே பறப்புக்குள் செய்த சேதம் கூடிக்கொண்டே போகும், அது சரி. ஆனால் இறங்கி அடுத்த முறை ஏறினால் புத்தம் புது விமானம். நிஜத்தில் உலோகம் எதையும் மறப்பதில்லை. 1954-ல் இரண்டு காமெட் பயணி விமானங்கள் மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடலில் விழுந்தன. ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறப்பது போலவே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். முன்பு நிஜமாகப் பறந்ததையும் சேர்த்து 3,057-வது தடவையில் உடம்பு கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லைக்குள் இருந்த சுமைதான். நமக்கு இதை இங்கிலாந்திலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் நம் பழைய துறைமுகப் பாலம் சரிந்ததைக் கடற்கரைக்கு நடக்கப் போனவர்கள் எல்லோரும் பார்த்தோம். அறுபது வருட அலை. போர் விமானங்களிலும் 1950-களுக்குப் பிறகு எத்தனை முறை எத்தனை ஜி இழுத்தார்கள் என்று எண்ணி வைக்கிற கருவியைப் பொருத்த ஆரம்பித்தார்கள். அளவுப் புத்தகம்தான், வேறென்ன.

விளையாட்டில் அது இல்லையென்றால் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒவ்வொருவரும் ஒரு நோட்டு. ஒரு பறப்பில் எல்லையைத் தாண்டி விமானத்தைச் சேதப்படுத்தினால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் அந்த விமானம் பட்டறைக்குப் போனதாகக் கணக்கு. அடுத்த சனிக்கிழமை அவர் பழைய, மெதுவான விமானம் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். குண்டைக் கழற்றாமல் சண்டைக்கு வந்து ஒடித்துக்கொண்டால் ஒரே தடவையில் மூன்று கோடு.

இதை அப்படியே பேரனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "தாத்தா, புது பதிப்புக்கு என் வாக்கு உண்டு. ஆனா நோட்டைச் சரிபார்க்கிறது நீங்கதான்" என்றான். மற்ற ஏழு பேரின் பதில் இன்னும் வரவில்லை. நோட்டுகள் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், நூறு பக்கம், கோடு போட்டது.